மங்கிப்போன பளபளப்பு - ஒரு ஃபோர்க் காலை முன்வைத்து

மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதினால் எஞ்சினைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். எத்தனை சிசி, எத்தனை குதிரைசக்தி, சைலன்சர் சத்தம் எப்படி.. இதைத் தாண்டி யாரும் வருவதில்லை. இந்தப் பதிவு முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் நிற்கிற ரெண்டு அலுமினியக் கால்களைப் பற்றியது. அதிலும் அந்தக் கால்களோட மேல்தோலைப் பற்றி மட்டும். கொட்டாவி வருகிறவர்கள் இங்கேயே அப்பீட்டாகிக்கலாம், தப்பா நினைக்க மாட்டேன் :-)

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன். ஹேண்டில்பாருக்குக் கீழிருந்து முன்சக்கரம் வரைக்கும் இறங்குகிறதே, அதுதான் டெலஸ்கோபிக் ஃபோர்க். ஒவ்வொரு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்றாக ரெண்டு குழாய். மேலே இருப்பது குரோம் பூசிய இரும்புக் குழாய். கீழே அதைப் பாதி விழுங்கிக்கொண்டு நிற்பது அலுமினிய வார்ப்பு. உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும். குழியில் இறங்கினால் இரும்புக் குழாய் அலுமினியத்துக்குள் போகும், ஆயில் சின்ன ஓட்டை வழியாகப் பிதுங்கி அந்த வேகத்தை அடக்கும். நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன்கள் மொத்தத்தையும் "ஷாக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் ஃபோர்க் கால் என்று சொல்லப்போவது கீழே இருக்கிற அந்த அலுமினியத் துண்டை.

பழைய பைக்குகளில் இது எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பூத்து, அங்கங்கே வெள்ளைப் பொரி பொரியாக, தோலுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாக. வாங்கினவுடனே எல்லாரும் செய்கிற முதல் வேலை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பஃப் அடித்து, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆக்குவது. "பழைய மாதிரி ஆக்கிட்டேன்" என்று போட்டோவும் போடுவார்கள். அந்த "பழைய மாதிரி" எது? இதைத்தான் நோண்டப் போகிறேன். அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

அலுமினியம் ஒரு காலத்தில் பெரிய இடத்துப் பிள்ளை. 1854-இல் பிரான்சில் செயின்ட்-கிளேர் டெவில் என்பவர் அதைக் கொஞ்சம் அதிகமாகச் செய்வதற்கு வழி கண்டுபிடித்தார். மூன்றாம் நெப்போலியன் முக்கியமான விருந்தாளிகளுக்கு மட்டும் அலுமினியக் கரண்டி வைத்தார், மற்றவர்களுக்கு வெறும் தங்கம்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நிஜமோ இல்லையோ, 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைத்த கூம்பு அலுமினியம்தான், அது நிஜம். எடை நூறு அவுன்ஸ், நம்ம கணக்கில் மூன்று கிலோகூட வராது. அன்றைக்கு அலுமினியம் கிட்டத்தட்ட வெள்ளி விலை. மேலே ஏற்றுவதற்கு முன்னால் நியூயார்க்கில் டிஃப்பனி நகைக்கடையில் பார்வைக்கு வைத்தார்களாம். வாஷிங்டன் தூணின் உச்சியையே தாண்டினேன் என்று சொல்லிக்கொள்வதற்காக ஜனங்கள் அதைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். ஜனங்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான்.

இரண்டே வருஷம். 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹால், பிரான்சில் பால் எரூ, ஒருத்தரை ஒருத்தர் தெரியாமலே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். ரெண்டு பேரும் பிறந்தது 1863, இறந்தது 1914. கண்டுபிடித்தபோது வயசு இருபத்திரண்டு, இருபத்துமூன்று. நானெல்லாம் அந்த வயசில் அரியர் எழுதிக்கொண்டிருந்தேன், விடுங்க. அதோடு அலுமினியம் விலை தரைக்கு வந்தது. எவ்வளவு தரைக்கு என்றால், 1898-இல் நம்ம மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸில் (இப்போ எழும்பூர் பக்கம் இருக்கும் கவின்கலைக் கல்லூரி) ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யவே ஆரம்பித்துவிட்டார். அவர் மெட்ராஸ் இஞ்சினியரிங் காலேஜ் புரொபசர். வேலை குறைந்துபோன செம்பு, பித்தளைக் கன்னார்களுக்கு ஒரு புதுத் தொழில் வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கு இட்லிக் குண்டான் முதல் பால் கேன் வரை நம் வீட்டில் புழங்கும் அலுமினியத்துக்கு மெட்ராஸில் இப்படி ஒரு தொடக்கம் உண்டு.

அந்தப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக்கூடாது என்று அம்மா சொல்வதில்தான் நம்ம மொத்த விஷயமும் இருக்கிறது. அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மேல் அப்படி ஒரு வெறி. வெட்டிய நொடியிலேயே மேலே ஒரு ஆக்சைடு தோல் வந்துவிடும். கனம் ரெண்டிலிருந்து நாலு நானோமீட்டர்தான். ஆனால் இரும்புத் துரு மாதிரி உதிராது. 1923-இல் பில்லிங், பெட்வொர்த் என்று ரெண்டு பேர் ஒரு கணக்கு போட்டார்கள்: உலோகம் ஆக்சைடாக மாறும்போது எவ்வளவு இடம் அடைக்கிறது? அலுமினியத்துக்கு விடை சுமார் 1.28. கொஞ்சம்தான் பருக்கிறது, அதனால் இடைவெளி இல்லாமல் இறுக்கமாகப் போர்த்திக்கொள்கிறது. இரும்பு ரெண்டு மடங்குக்கு மேலே உப்பி, விரிந்து, உதிர்ந்து, அடியில் இருப்பதையும் காட்டிக்கொடுத்துவிடும். புளியும் காரமும் உப்பும் அலுமினியத்தோட அந்தத் தோலைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் குழி விழும். பழைய சட்டியில் கறுப்புப் புள்ளிகள் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

இன்னொரு தமாஷ். அந்த ஆக்சைடு வேறொன்றும் இல்லை, கொரண்டம் கல்லும் அதே அலுமினா. அதில் கொஞ்சம் குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். இயற்கையில் கிடைக்கும் எமரிக் கல்லிலும் வேலை செய்கிற சரக்கு அதுதான், பாதி உப்புத்தாள்களில் ஒட்டியிருப்பதும் அதுதான். ஆக, அலுமினியத்தின் மங்கலைத் தேய்த்து எடுக்க நாம் பயன்படுத்துவது அதே மங்கலின் உறவுக்காரனைத்தான்.

சரி, இது எப்படி பைக்கின் காலுக்கு வந்தது?

ஆரம்பத்தில் வரவே இல்லை. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1908-லேயே ஒருவிதமான டெலஸ்கோபிக் ஃபோர்க் போட்டார், ஆனால் ஊரே கர்டர் ஃபோர்க்கில்தான் ஓடியது. ஆயில் டாம்பிங்கோடு விற்பனைக்கு வந்தது 1935-இல், பிஎம்டபிள்யூ ஆர்12, ஆர்17 வண்டிகளில். 1941-இல் மேட்ச்லெஸ் தன் ஜி3எல் ராணுவ வண்டியில் டெலிடிராலிக் என்ற பெயரில் போட்டது. யுத்தம் முடிந்ததும் எல்லாரும் போட ஆரம்பித்தார்கள். அப்போதெல்லாம் ஃபோர்க்கைக் காட்டுவது அழகு இல்லை போலிருக்கிறது. தகரக் கவசம் போட்டு மூடினார்கள், அப்புறம் ரப்பர் உறை. டிரையம்ஃப் வண்டிகளில் 1970 வரைக்கும் கீழ்க்கால் இரும்பு, மேலே பெயின்ட். மங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

மாற்றம் இத்தாலியிலிருந்து வந்தது. செரியானி ஃபோர்க்குகள் 1960களில் ரேஸ் வண்டிகளில் உறை எதுவும் இல்லாமல், மேலே குரோம் குழாய், கீழே மொழுக்கென்று அலுமினியம் என்று நின்றன. ரேஸ் வண்டியில் இருப்பது ரோட்டு வண்டிக்கு வராமல் போகுமா? டிரையம்ஃபும் 1971-இல் அலுமினியத்துக்கு மாறியது.

ஜப்பான் கதை வேறு மாதிரி, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். ஹோண்டாவுக்கு ஷாக் அப்சார்பரும் ஃபோர்க்கும் செய்து பெரிதான ஷோவா கம்பெனி, 1938-இல் விமானப் பாகம் செய்வதற்காக ஆரம்பித்தது. விமானம் இறங்கும்போது சக்கரத்தில் விழும் அடியை ஆயிலால் தாங்குவதும், பைக் குழியில் இறங்கும்போது தாங்குவதும் ஒரே வித்தைதானே. 1945-இல் ஜப்பான் தோற்றது. விமானமே செய்யக்கூடாது என்று தடை, 1952 வரைக்கும். விமானத்துக்காக வைத்திருந்த டூராலுமின் தகடெல்லாம் சும்மா கிடந்தது. அதில் சட்டி பானை செய்தார்கள். அதைவிட ஒரு படி மேலே, 1946-47-இல் ஆறு ரயில் பெட்டிகளே டூராலுமினில் செய்தார்கள். பெயின்ட் அடிக்காமல், வெள்ளி உடம்போடு, ஒரு பச்சைக் கோடு மட்டும் போட்டு டோக்கியோ பக்கம் ஓடவிட்டார்கள். சாம்பலாகக் கிடந்த ஊருக்குள் அப்படி ஒரு ரயில் வந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அந்த டூராலுமினில் செம்பு கலந்திருக்கும், அரிப்புக்கு அது சுத்தமாகத் தாங்காது. சில வருஷத்திலேயே பெட்டிகள் அரித்துப்போய், 1954-இல் புது உடம்பு மாட்டவேண்டியதாகிவிட்டது. வெறும் உடம்போடு விட்டால் அலுமினியம் என்ன ஆகும் என்று ஜப்பான் நேரில் பார்த்த பாடம் அது.

1950களின் பின்பாதியில் ஹோண்டா வண்டிகளின் முன்பக்கம் தகடு அடித்த லீடிங் லிங்க் வகை, பெயின்ட் அடித்தது. 1958 சூப்பர் கப் ஞாபகம் இருக்கலாம். 1960-இல் சிபி72 டெலஸ்கோபிக் ஃபோர்க்கோடு வந்தது. 1968 டோக்கியோ ஷோவில் சிபி750-ஐக் காட்டினார்கள். 736 சிசி, நாலு சிலிண்டர், முன்பக்கம் டிஸ்க் பிரேக், அமெரிக்காவில் விலை 1,495 டாலர். பார்த்தவர்கள் எஞ்சினைத்தான் பார்த்தார்கள். அதற்கு முன்னால் பாலிஷ் போட்டு மினுக்கிக்கொண்டு ரெண்டு அலுமினியக் கால்கள் நின்றன.

அந்த மினுமினுப்புக்கு மேலே ஒரு கிளியர் லாக்கர் பூச்சு. இங்கேதான் கதையின் முடிச்சு.

ஏன் லாக்கர்? அலுமினியத்துக்கென்றே பிறந்த அனோடைசிங் அப்போது நாற்பது வருஷம் பழசாகிவிட்டது. 1923-இல் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற ரெண்டு ஆங்கிலேயர்கள், கடல் விமானங்கள் உப்புத் தண்ணீரில் அரிக்காமல் இருக்க, குரோமிக் அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சி அந்த இயற்கைத் தோலையே ஆயிரக்கணக்கான மடங்கு கனமாக்கினார்கள். 1927-இல் கந்தக அமில முறை வந்தது, இன்றைக்கும் அதுதான் அதிகம். (பில்லிங்-பெட்வொர்த் கணக்கும் 1923 என்று மேலே சொன்னேன். அலுமினியத் தோலுக்கு நல்ல வருஷம்.) அப்படியிருக்க ஃபோர்க் காலை அனோடைஸ் செய்தால் என்ன?

வார்ப்பு என்பதுதான் சிக்கல். அச்சுக்குள் ஊற்றும் அலுமினியம் மூலைமுடுக்கெல்லாம் தண்ணீராக ஓடவேண்டும் என்றால் சிலிக்கன் சேர்க்கணும். அப்படிச் சேர்த்தால் வார்ப்பு உடையும் தன்மைக்குப் போகும், அதை ஒரு சிட்டிகை சோடியம் சரிசெய்யும் என்று அலாடார் பாட்ஸ் கண்டுபிடித்து 1921-இல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் சிலிக்கன் கலந்த வார்ப்பு அலுமினியம் தொழிற்சாலைகளில் ராஜாவானது. ஆனால் சிலிக்கன் துகள்கள் அனோடைஸ் ஆகாது. அப்படியே உள்ளே நிற்கும். விளைவு, பளபளப்புக்குப் பதில் கரிச்சட்டிச் சாம்பல் நிறம். பிற்காலத்தில் தலைகீழ் ஃபோர்க்குகள் வந்தபோது வெளிக்குழாய் வார்ப்பாக இல்லாமல் இழுத்துச் செய்த குழாயாக இருந்தது. அதனால்தான் தங்க நிறத்தில் அனோடைஸ் செய்து மினுக்க முடிந்தது. வார்த்த காலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெயின்ட் அடித்தால் உலோகம் தெரியாது. உலோகமும் தெரியணும், மங்கவும் கூடாது என்றால் மிச்சம் இருந்தது லாக்கர்தான். ஜப்பானிலிருந்து கப்பலில் உப்புக்காற்றில் வந்து, ஷோரூமில் நின்று, முதல் ஓனரின் முதல் சில வருஷங்களைத் தாண்டினால் போதும் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஐம்பது வருஷம் கழித்து ஒருத்தன் பூதக்கண்ணாடியோடு வருவான் என்று யார் கண்டது?

லாக்கருக்கு ஒரு சின்னக் கல் பட்டால் போதும். ஓட்டை வழியாக ஈரமும் உப்பும் உள்ளே போகும். அப்புறம் நடப்பது ஃபிலிஃபார்ம் அரிப்பு. நூல் மாதிரி, ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்கு அகலத்தில், லாக்கருக்கு அடியில் ஊர்ந்துகொண்டே போகும். 1944-இல் லாக்கர் பூசிய இரும்பில் ஷர்மன் என்பவர் இதை முதலில் விவரித்தார், அலுமினியத்திலும் அதே கூத்து. நூலின் தலையில் ஆக்சிஜன் குறைவு, அமிலம் அதிகம். அங்கே உலோகம் கரையும். வாலில் வெள்ளைப் பொடியாகக் காய்ந்து நிற்கும். எனக்கு ஆச்சரியம், ரெண்டு நூல் சந்தித்தால் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகாது, பெரும்பாலும் திரும்பிவிடும். அதனால்தான் பழைய ஃபோர்க் காலில் ஒரு வரைபடம் மாதிரி தெரிகிறது. காக்க வந்த லாக்கர்தான் இந்த நூல்களுக்குப் பந்தல். ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்வதும் அதுவேதான். அந்தக்கால பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் லாக்கரே கிடையாது, வெறும் பாலிஷ்தான். ஓனர் ஞாயிற்றுக்கிழமை தேய்த்தால் மின்னும், தேய்க்காவிட்டால் ஒரே சீராக மங்கும். சீராக மங்கியதைத் திருப்பிக் கொண்டுவருவது சுலபம். புழு ஊர்ந்ததை அப்படிக் கொண்டுவர முடியாது.

இதை எனக்குக் கையில் கொடுத்துக் காட்டியவன் ஒரு நண்பன். டெட்ராய்ட் பக்கம் வேலை, சேலத்துக்காரன். உள்ளூர்ப் பெரியவர் ஒருத்தரிடமிருந்து 1974 சிபி750 வாங்கினான். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, சுமார் 350 மீட்டர் ஆழத்தில் ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது தெரியுமோ? குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் கொட்டுவது அந்த மாதிரி உப்புதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். டெட்ராய்ட் உப்பை அலுமினியம் உள்ளளவும் நினைக்கும். அவன் வண்டியின் இடதுகால் (பிரேக் காலிப்பர் தொங்கும் பக்கம்) நூல் நூலாக அரித்து, நடுவில் குழி குழியாக இருந்தது. பெரியவர் முப்பது வருஷம் அதில் வேலைக்குப் போனவராம். பிரேக் ஹோஸ் உரசி உரசி விழுந்த ஒரு பள்ளம்கூட அந்தக் காலில் வழவழவென்று இருந்தது.

"மச்சி, கண்ணாடி ஆக்கிரலாம்டா" என்றான்.

ஆக்கலாம். வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஃபோர்க்கைக் கழற்றி, ஆயிலை வடித்து, அடியிலிருக்கும் ஆலன் போல்ட்டை எடுத்து, சீலை வெளியே எடுக்கணும். அப்புறம் பெயின்ட் ரிமூவர் போட்டு லாக்கரை உரிக்கணும். முன்னெல்லாம் டைகுளோரோமீத்தேன் இருக்கும் டப்பா, தடவினால் கால் மணியில் தோல் உரியும். ஆள் செத்த கேஸ்களுக்கு அப்புறம் 2019-இல் அமெரிக்காவில் அதைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை போட்டார்கள். இப்போது கிடைப்பது பென்சைல் ஆல்கஹால் வகை, ராத்திரி முழுக்க ஊறவேண்டும். அவசரப்பட்டுக் காஸ்டிக் சோடாவில் முக்குகிறவர்கள் உண்டு. அது அலுமினியத்தையே தின்னும், ஹைட்ரஜன் நுரை பொங்கும், கால் கறுத்து வெளியே வரும். வேண்டாம். அப்புறம் தண்ணீர் விட்டு உப்புத்தாள்: 320, 400, 600, 800, 1200. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கிற திசையை மாற்றினால் முந்தின தாளின் கீறல் போய்விட்டதா என்று தெரியும். கடைசியாக பஃபிங் வீல், பாலிஷ் சோப்பு.

கணக்கு எளிது. குழி 0.2 மில்லிமீட்டர் ஆழம் என்றால், குழி மறைய அதைச் சுற்றியிருக்கும் எல்லா இடத்திலிருந்தும் 0.2 மில்லிமீட்டர் எடுத்தாகணும். குழியை யாரும் நிரப்புவதில்லை. ஊரையே குழியின் மட்டத்துக்கு இறக்குகிறார்கள். அதோடு ஃபாக்டரி பஃபிங் வீல் விட்ட மெல்லிய கோடு போகும், விளிம்புகளின் கூர்மை மழுங்கும், வார்ப்பு அச்சு சேர்ந்த தடம் போகும், பெரியவரின் ஹோஸ் உரசிய பள்ளமும் போகும். எங்க பாஷையில் சொன்னால், ஐம்பது வருஷ கமிட் ஹிஸ்டரியை ஒரே கமிட்டாகச் சுருக்கி, பழையதை அழித்துவிட்டு, பேக்கப்பும் இல்லாமல் புஷ் பண்ணுவது.

இதில் பெரிய வேடிக்கை அதே சிபி750-இல் இருக்கிறது. முதலில் செய்த 7,414 வண்டிகளின் எஞ்சின் கேஸை சேகரிப்பாளர்கள் "சாண்ட்காஸ்ட்" என்கிறார்கள். நிஜத்தில் மணல் அச்சு இல்லை, உலோக அச்சில் ஊற்றியதுதான். மேற்பரப்பு சொரசொரவென்று இருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தச் சொரசொரப்புக்குத்தான் இன்றைக்குப் பெரிய விலை. யாராவது அதை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினால் சேகரிப்பாளர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் அதே ஆட்கள், அதே வண்டியின் ஃபோர்க் காலைக் கண்ணாடியாக்கிவிட்டு "ஒரிஜினல்" என்று எழுதுவார்கள். எஞ்சினின் தோல் வரலாறு, காலின் தோல் அழுக்கா? என்ன நியாயமோ.

உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா, 2012-இல் டூரினில் ஒரு சாசனம் நிறைவேற்றியது. 1964 வெனிஸ் சாசனம் கோயில், கோட்டை மாதிரியான கட்டடங்களுக்குச் சொன்னதை வண்டிகளுக்குக் கொண்டுவருகிற முயற்சி. சாரம் என்னவென்றால் முதலில் இருப்பதைக் காப்பாற்று, அப்புறம் அரிப்பை நிறுத்து, புதுப்பிப்பது கடைசி. வண்டி கடந்து வந்த காலமும் அதன் பாகம், அதை மதித்து நட என்கிறது. படிக்கும்போது எனக்கு நம்ம ஊர்க் கோயில்கள் ஞாபகம் வந்தது. கல்வெட்டு இருந்த சுவரில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, எழுத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்த கதைகள் உங்களுக்கும் தெரியும்.

அதுக்காக அரிப்பை அப்படியே விட்டுவிடு என்று சொல்கிற கட்சி இல்லை நான். லாக்கருக்கு அடியில் நூல் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தால் அதை உரித்துத்தான் ஆகணும், இல்லையென்றால் பாதுகாக்க ஒன்றும் மிஞ்சாது. லாக்கரை எடு, உப்பைக் கழுவு, வெள்ளைப் பொடியை எடு, அதோடு 600-இல் நிறுத்து என்பது என் கட்சி. நண்பன் ஒரு வாரம் சண்டை போட்டான். "ஓட்டப்போறது நானு, வரலாறா ஓட்டப்போவுது?" என்றான். நியாயமான கேள்விதான். பைக் மியூசியத்துக்குச் செய்தது இல்லை, பார்த்தால் ஓட்ட ஆசை வரணும். குழி விழுந்த காலைப் பார்த்தால் ஆசை வருமா என்று அவன் கேட்டதுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்றை மட்டும் சொன்னேன்: இன்றைக்குக் குழியை விட்டுவைத்தால் நாளைக்குத் தேய்க்கலாம். இன்றைக்குத் தேய்த்துவிட்டால் நாளைக்கு அந்த ஹோஸ் பள்ளத்தை எங்கே போய் வாங்குவாய்? சேலத்துக்காரன் ரொம்ப நேரம் பேசவில்லை.

பஃபிங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாகணும். பளபளப்புக்காக எடுக்கிற அந்த உலோகம் தூசியாகக் காற்றில்தான் போகிறது. கட்டியாக இருக்கும்போது அலுமினியத்தின் ஆக்சைடு தோல் அதைக் காப்பாற்றும். மாவாகிவிட்டால் அதே ஆக்சிஜன் வெறி ஆளைக் கொல்லும். 2014 ஆகஸ்ட் 2, சீனாவின் குன்ஷான் நகரம், கார்களின் அலாய் வீல்களுக்கு பாலிஷ் போடும் ஒரு தொழிற்சாலை. காலை ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். தூசி பிடிக்கும் டப்பாவில் சேர்ந்த அலுமினியத் தூள் ஈரத்தோடு சேர்ந்து சூடேறி, தீப்பிடித்து, கூடம் முழுக்கப் படிந்திருந்த தூசியெல்லாம் ஒரே வெடி. மொத்தம் 146 பேர் இறந்தார்கள். சக்கரம் மின்னவேண்டும், அவ்வளவுதான் அவர்கள் வேலை. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நாள் முழுக்க பஃபிங் வீல் முன்னால் நிற்கிற ஆளை நம்ம ஊரில் எந்த ஆட்டோமொபைல் ஏரியாவில் வேண்டுமானாலும் பார்க்கலாம். கண்ணாடி மாதிரி வேணும் என்று சொல்கிறபோது அவர் இன்னும் அரைமணி நேரம் அந்தத் தூசிக்குள் நிற்கிறார். முன்னூறு ரூபாய் பேரத்தில் அது வராது.

மறுபடி காலுக்கு வருவோம். தேய்த்து முடித்தபின் மேலே என்ன போடுவது? இங்கே ஒரு விசித்திரம். எவ்வளவு கண்ணாடியாக்குகிறீர்களோ அவ்வளவுக்கு லாக்கர் பிடிக்காது. பிடிமானத்துக்கு மெல்லிய கீறல் வேண்டும். கண்ணாடிப் பரப்பில் அடித்த லாக்கர் சீக்கிரமே ஓரத்தில் தூக்கும், தூக்கின இடத்தில் அடுத்த நூல் கிளம்பும். ஹோண்டா காலில் ஃபாக்டரி விட்டிருந்த அந்த மெல்லிய கோடுகள் சோம்பேறித்தனம் இல்லை, லாக்கர் நிற்பதற்கும் உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடி வேண்டுமானால் லாக்கரை மறந்துவிட்டு மெழுகு போட்டு வாரம் ஒருமுறை துடைக்கணும். லாக்கர் வேண்டுமானால் கண்ணாடியை மறக்கணும். ரெண்டும் கிடைக்காது.

நண்பன் லாக்கர் போடவில்லை. இடதுகாலில் குழிகள் இருக்கின்றன, 600 தாளின் சாம்பல் கலந்த மினுமினுப்பும் இருக்கிறது, ஹோஸ் பள்ளமும் இருக்கிறது. கார் மெழுகு ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறான். ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, மெழுகு. நவம்பரில் உப்பு லாரி ரோட்டில் இறங்கிய அன்றைக்கு வண்டி ஷெட்டுக்குள். வலதுகாலை மட்டும் 1200 வரைக்கும் கொண்டுபோய் பஃப் அடித்துவிட்டான், என்னிடம் சொல்லாமல். பக்கத்தில் நிறுத்தினால் ரெண்டு காலும் ரெண்டு வண்டியின் கால் மாதிரி இருக்கிறது. எது நல்லா இருக்கு என்று வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான். இதுவரைக்கும் வலதுகால்தான் முன்னிலை.

டிஸ்கி: வீட்டில் யாராவது முயற்சி செய்வதாக இருந்தால் ஆயில் சீல் இருக்கும் உள்வாய்க்குள் உப்புத்தாளோ ரிமூவரோ போகாமல் துணி அடைத்துக்கொள்ளுங்கள். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். கைக்குட்டை போதாது, மாஸ்க்.